கோயிலின் நேரத்துக்குப் புறப்படுவோம்



பேச்சுத் திறத்துக்காக உலகம் மதித்த மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869-இல் பிறந்த ஊர் வலங்கைமான். இங்கே மேடையேறுகிறவர் சொல்லை அளந்துதான் பேச வேண்டும். பங்குனியில் பாடைக்கட்டி மாரியம்மன் சந்நிதிக்கு ஊர் ஊராக ஜனங்கள் வந்து சேர்கிற இடமும் இதுதான். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து வந்து கடன் செலுத்துவதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நீங்கள். கோயிலுக்குப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளை நீங்கள் போகப்போகும் கோயில்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ளவை. அங்கே போவதற்குமுன் என்ன ஆயத்தம் வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். அதைப் பற்றி எனக்குத் திடமான ஓர் எண்ணம் உண்டு. பழைய கோயிலுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. நம்முடைய நேரத்தை அதற்கு ஒப்புக்கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். மற்ற ஆயத்தமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் ஊருக்கு மேற்கே தொடங்கித் தெற்கே வளைந்து கிழக்கே முடிகிற மாதிரி ஐந்து சிவத்தலங்கள் இருக்கின்றன. பஞ்சாரண்யத் தலங்கள் என்பார்கள். திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், ஹரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். ஐந்தையும் ஒரே நாளில் வழிபட வேண்டும் என்பது மரபு. எந்த ஊருக்கு எந்த வேளையில் போக வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். உஷத்காலத்தில் திருக்கருகாவூர். காலசந்திக்கு அவளிவணல்லூர். உச்சிக்காலத்துக்கு ஹரித்துவாரமங்கலம். சாயரட்சைக்கு ஆலங்குடி. அர்த்தசாமத்துக்குத் திருக்கொள்ளம்பூதூர். ஐந்துமே திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலங்கள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். விடியற்காலை, முற்பகல், நடுப்பகல், அந்தி, இரவு என்று ஒரு நாள் முழுவதையும் ஐந்து ஊர்களில் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். எங்கேயும் ஓட வேண்டியதில்லை. நடுப்பகலில் நடை சாத்தினால் சாயரட்சைக்குத் திறக்கும்வரை மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கிறது. சாப்பிடவும், மரத்தடியில் சாயவும், காலையில் பார்த்ததைப் பற்றிப் பேசவும் அந்த நேரம் போதும். எந்தப் பயண நிறுவனம் திட்டம் போட்டாலும் இவ்வளவு பொருத்தமாக வராது. நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்கள் வகுத்த கணக்கு இது. இன்றைக்கு வேனில் போகிறவர்களுக்கும் அது பொருந்துகிறது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று இப்போது பெருகியிருக்கிறது. “ஒரே நாளில் பதினோரு கோயில் பார்த்தோம்” என்று சொல்லிக்கொள்கிறார்கள். கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில்கள் நெருங்கி நிற்பதால் எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசிக்க அரசுப் பேருந்தே கும்பகோணத்திலிருந்து புறப்படுகிறது. தனியாகப் போக முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. கைகால் நன்றாக இருக்கிற, நாள் கையிலிருக்கிற நாம் அந்த வேகத்தில் போவதைத்தான் குறை சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்களே என்ற பதற்றத்தில் உள்ளே நுழைந்து, தீபாராதனையை எட்டிப் பார்த்து, திருநீற்றை வாங்கிக்கொண்டு திரும்பினால், அந்தக் கோயிலைக் கட்டிய கை எதையும் நாம் பார்த்தவர்களாக மாட்டோம்.

ஒவ்வொரு கோயிலுக்கும் தனி நேரம் உண்டு என்றேன். கும்பகோணம் நாகேசுவரன் கோயில் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆரம்பகாலச் சோழர் கோயில். சித்திரை 11, 12, 13 ஆகிய நாட்களில் காலைக் கதிர் கருவறைக்குள் விழும்படி அது அமைந்திருக்கிறது. அதே நாகேசுவரன் கோயிலின் புறச்சுவர்ச் சிற்பங்களைப் பார்ப்பதற்குச் சித்திரை வேண்டாம். சாய்ந்த வெயில் இருக்கிற எந்தக் காலையும் மாலையும் போதும். கோஷ்டம் என்கிற சுவர் மாடத்தில் நிற்கிற அந்த ஆண் பெண் உருவங்களின் கன்னமும் விரலும் ஆடை மடிப்பும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் துலங்கும். உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும், தரையில் காலும் வைக்க முடியாது. பங்குனி, சித்திரையில் பகல் பதினொரு மணிக்குத் திருச்சுற்றைச் சுற்றியவர்களுக்கு அந்தக் கருங்கல் தரையைப் பற்றி நான் விவரிக்க வேண்டாம்.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து அடைமழையைச் சொல்ல வேண்டியதில்லை. உட்பிராகாரத்தில் தண்ணீர் நிற்கும், பாசி வழுக்கும், சிற்றூருக்குப் போகிற சாலையில் பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. தை மாதத்தில் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டுவிட்டுக் காத்திருக்கிற விவசாயிகளின் டிராக்டர்கள் வழியில் நிற்கும். அந்த நேரத்தில் வண்டியோட்டி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போகக்கூடாது. கோயிலுக்குப் போகிறவன் ஊரானின் நெல்லை மிதித்துக்கொண்டு போவது அழகில்லை. மாசி நல்ல மாதம். அறுவடை முடிந்திருக்கும், பனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. எப்படிப் போனாலும் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று பாலத்துக்குப் பாலம் ஆறு குறுக்கிடும். தண்ணீர் ஓடுகிற நாளானால் அதைப் பார்த்தே போகலாம்.

ஆறு என்றதும் திருக்கொள்ளம்பூதூர் நினைவுக்கு வருகிறது. சம்பந்தர் அந்தக் கரைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் அடியார்களை ஏற்றிக்கொண்டு, துடுப்புக்குப் பதில் பதிகத்தைப் பாடி அக்கரை சேர்ந்தார் என்பது வரலாறு. ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி, ஓடத் திருவிழாவாக அதை இன்றும் நடத்துகிறார்கள். ஐந்து தலங்களில் இரவு வேளைக்கு உரியது இதுதான். கொரடாச்சேரிக்குப் பக்கத்து ஊர். போகுமுன் அந்தப் பதிகத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.

அந்த ஒரு வேலையை இன்றிரவே செய்யலாம். ஐந்து தலங்களின் பதிகங்களையும் எடுத்து வையுங்கள். சம்பந்தர் தேவாரப் பழம் பதிப்புகள் பலவும் பண்முறையில் அடுக்கப்பட்டவை. ஒரே ஊர்ப் பாட்டைத் தேடினால் நூல் முழுக்கப் புரட்ட வேண்டும். தலமுறைப் பதிப்பு என்று வேறு ஒன்று உண்டு. அதில் ஊர்வாரியாக இருக்கும். பயணத்துக்கு அதுதான் கைகொடுக்கும். புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் தி.வே. கோபாலையரைக் கொண்டு 1984-இலிருந்து வெளியிட்ட தேவாரப் பதிப்பு வேண்டியவர்களுக்கு நூலகங்களில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஒவ்வொரு பதிகத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் மனசில் நிற்கும். ஹரித்துவாரமங்கலத்தின் தேவாரப் பெயர் அரதைப்பெரும்பாழி. ஆலங்குடியின் பெயர் திருஇரும்பூளை. இந்தப் பெயர்கள் தெரியாமல் பதிகத்தைத் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது வேலை, கல்வெட்டை எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்வது. இதைக் கேட்டதும் தம்பிகள் சிரிக்கிறீர்கள். ஆனால் உங்களால் முடியும். சோழர்காலத் தமிழ் எழுத்து நம் எழுத்தேதான், வடிவம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஒகரங்களில் நெடிலும் குறிலும் பிரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கிரந்தத்தில் தொடங்கும். அதையடுத்து அரசன் பெயர் வரும். கோராஜகேசரி, கோப்பரகேசரி என்று சோழர்கள் மாறி மாறிப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று இருந்தால் 907-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் பராந்தகன். பிறகு ‘யாண்டு’ என்று ஆட்சியாண்டு வரும். இவ்வளவு படித்துவிட்டாலே ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு தாளை உங்கள் கையால் திறந்துவிட்டீர்கள்.

எங்கே தேடுவது? கீழே குனிய வேண்டும். அடித்தளமாகிய அதிட்டானத்தில் ஜகதி என்கிற பட்டையிலும், உருண்டையாகவோ பட்டை தீட்டியோ இருக்கிற குமுதத்திலும், அதற்கு மேலே சுவரிலும் எழுத்து ஓடும். பெரும்பாலானவை என்ன சொல்கின்றன என்று கேட்டால், இன்னார் ஒரு நந்தா விளக்குக்காக 96 ஆடு கொடுத்தார் என்று இருக்கும். இத்தனை ஆட்டுக்கு இத்தனை காசு என்று சிலவற்றில் கணக்கு இருக்கும். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் பெயர் இருக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் கணக்கு குறையக்கூடாது, ஆகையால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி வைத்தார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய ஒரு மந்தையும் ஓர் இடையர் குடும்பமும் ஓர் ஊர்ச்சபையும் சேர்ந்து நின்றிருக்கின்றன. இதை நீங்கள் ஒரு புத்தகத்தில் படிக்கலாம். அந்தக் கல்லின்மேல் விரலை ஓட்டாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ‘நெய்’ என்ற சொல்லில் வந்து நிற்கும்போது கிடைக்கிற சந்தோஷம் புத்தகத்தில் கிடைக்காது.

நம் பக்கத்திலேயே இதற்கு வழிகாட்டி ஒருவர் இருந்தார். திருப்புறம்பியத்தில் 1892-இல் பிறந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணி. பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதியவர். கல்வெட்டு வாசிப்பு பெரிய அதிகாரிகளின் வேலை, நமக்கு எட்டாது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறித்து வைத்தார்கள். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று அங்கேயே குறித்தும் வைத்தார்கள். திருக்கோடிகாவலில் போய்ப் பார்க்கலாம். கல்லில்லாத நாடு நம்முடையது. வயலில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். ஒவ்வொரு கல்லும் குன்றுள்ள சீமையிலிருந்து வண்டியில் வந்தது. அப்படி வந்த கல்லில் ஓர் எழுத்துகூட வீணாகக்கூடாது என்று அந்த அம்மையார் நினைத்தார். நம் காலத்தில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். கிரானைட் பதித்து ஜகதியைத் தரைக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்ற மாட்டாத வருத்தம். நாளை போகிற இடத்தில் அப்படி ஏதாவது நடப்பதைக் கண்டால் சண்டை போட வேண்டாம். தேதி போட்டுப் படமெடுத்து, அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். எழுதுகிறவர்கள் பத்துப் பேரானால் அடுத்த ஊரில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இனி, கையில் என்ன எடுத்துப் போவது.

முதலில் நல்லெண்ணெய். ஒரு லிட்டர் போத்தல் இரண்டு மூன்று. பெரிய கோயில்களுக்கு உங்கள் எண்ணெய் தேவைப்படாது. ஒருகால பூஜை நடக்கிற சிறு கோயிலில் கொண்டு கொடுத்துப் பாருங்கள், குருக்கள் முகத்தைப் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று ஊர்க் கோயில்களை ஒருவரே பார்த்துக்கொள்கிறார். காலையில் இங்கே விளக்கேற்றிவிட்டு மொபெட்டில் அடுத்த ஊருக்குப் போகிறார். அவருக்குக் கிடைக்கும் சம்பளத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தட்டுக்காசுதான் அவர் வீட்டு அரிசி. ஆகவே சில்லறையும் சிறு நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்க்காவலருக்கும் கொடுங்கள். கதவைத் திறந்துவிட்டு வெயிலில் காத்து நிற்கிறவர் அவர்.

அதற்கும் முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. “மாமா, நாளைக் காலையில் இத்தனை பேர் வருகிறோம், எத்தனை மணிக்கு நடை திறப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டால் போதும். பாதிப் பயணம் சரியாகிவிடும். சொல்லாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கோயிலையும் குருக்களையும் திட்டுவது முறையல்ல.

கைவிளக்கு ஒன்று வேண்டும். அனுமதி கேட்டுவிட்டு, கருவறைப் பக்கம் திருப்பாமல், மண்டபத் தூண்களிலும் விதானத்திலும் மட்டும் அடிக்கலாம். கைவிளக்கின் பெருமையைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவருக்கு நடுவே இருட்டு நடை ஒன்று இருக்கிறது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு அதற்குள் போனார். சுவரில் நாயக்கர்கால ஓவியம் இருந்தது. அது உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் தெரிந்தது. ஒன்பது நூற்றாண்டுகளாக உள்ளே இருந்த இராஜராஜன் காலத்து வண்ணம் அப்படித்தான் வெளியே தெரிய வந்தது. வழிவழியாக எத்தனையோ பேர் அந்தக் கோயிலுக்கு வந்து போயிருக்கிறார்கள். பார்க்க வேண்டும் என்று போனவர் கண்ணில்தான் அது பட்டது.

தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். விமானத்தின் மேல்தளத்துச் சுதைகளையும் கீர்த்திமுகத்துக்குள் இருக்கிற சிறு உருவங்களையும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. வேட்டி, புடவை, எளிதில் கழற்றுகிற செருப்பு, குடிக்கத் தண்ணீர். உணவைப் பொறுத்தவரை புளியோதரையும் தயிர்சாதமும் இலையில் கட்டிவிடுங்கள். காய் வேண்டாம், துவையலோ வறுத்த மிளகாயோ போதும். இலையை மாட்டுக்குப் போடலாம், பிளாஸ்டிக்கை மாடு தின்றால் செத்துப்போகும்.

உணவு என்றதும் சத்திரங்களைச் சொல்லாமல் போக முடியாது. நாளை ஆலங்குடி போகிற அதே சாலை நீடாமங்கலத்துக்குப் போகிறது. மராட்டியர் காலத்து யமுனாம்பாள் சத்திரம் அங்கே இருக்கிறது. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம், 1802-ஐ ஒட்டிச் சரபோஜி மன்னர் எழுப்பியது. இராமேசுவரத்துக்கு நடந்து போகிற யாத்திரிகர்களுக்காக வழிநெடுக இவற்றைக் கட்டினார்கள். சாதி பாராமல் சோறு போட்டார்கள், நோயுற்றவர்களுக்கு வைத்தியர் வைத்தார்கள், வழியில் பிரசவமாகிற பெண்களைக் கவனித்தார்கள், இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் செய்தார்கள். 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்து, சத்திரங்களுக்கு உரிய நிலங்களைக் காப்பாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். யாத்திரைக்குப் போகிறவன் தன் மூட்டையை மட்டும் நம்பிப் போனதில்லை. வழியில் உள்ள ஊர் அவனைத் தாங்கியது. இன்றைக்கு நாமும் வழியில் உள்ள ஊரைத் தாங்க வேண்டும். தேநீரை அந்த ஊர்க் கடையில் குடியுங்கள். பூவை அந்த ஊர் அம்மாவிடம் வாங்குங்கள்.

போகிற வழியில் இன்னொன்றும் கேட்கலாம். ஹரித்துவாரமங்கலம் தவில் மேதை ஏ.கே. பழனிவேலின் ஊர். நீடாமங்கலம் இன்னொரு தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். கோயில் வேளைக்கு வாசித்துத்தான் அந்தக் கைகள் பழகின. ஹரித்துவாரமங்கலத்தில் உச்சிக்காலத்துக்குத் தவில் சத்தம் கேட்கிறதா, இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இனிச் சந்நிதியில் நிற்பது. திருக்கருகாவூரில் முல்லைவனநாதருக்கு அபிஷேகம் கிடையாது. புற்றுமண்ணாலான சுயம்புத் திருமேனியானதால் புனுகுச் சட்டம் சாத்துவார்கள். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் குழந்தை வேண்டுவோருக்கு நெய்யும், கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெயும் தருவார்கள். அங்கே நிற்கிறவர்களில் பலர் பெரிய வேண்டுதலோடு வந்திருப்பார்கள். சிற்பத்தைக் காட்டிக் கூட்டமாகச் சத்தம் போட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நம் படிப்பு அவர்கள் பிரார்த்தனைக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது. விளக்கமெல்லாம் வெளித்திருச்சுற்றில் வைத்துக்கொள்வோம். ஆலங்குடிக்கு வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சியும் தவிர்த்து நாளை போவது அதற்காகத்தான். தட்சிணாமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டு ஆபத்சகாயேசுவரர் சந்நிதியிலும் நிதானமாக நில்லுங்கள். மூலவர் அவர்தான். குருவைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே போய்விடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் புள்ளமங்கை போகலாம் என்று சிலர் சொன்னீர்கள். பசுபதிகோயிலுக்குப் பக்கம், முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அங்கே வடபுறக் கோஷ்டத்தில் துர்க்கை. சிங்கமும் மானும் இருபுறம், கீழே இரண்டு வீரர்கள். ஒருவன் தன் உடலையே அறுத்துக் காணிக்கை தருகிறான். தமிழ்நாட்டுத் துர்க்கைகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் புடவை சாத்தியிருந்தால் முகமும் கைகளும்தான் தெரியும். அபிஷேக வேளையைக் கேட்டுக்கொண்டு போனால் முழு உருவத்தையும் பார்க்கலாம். அதே கோயிலின் அதிட்டானத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இராமாயணக் காட்சிகள் வரிசையாக இருக்கின்றன. குந்தி உட்கார்ந்தால்தான் தெரியும். முழங்கால் வலிக்கிறவர்கள் ஒரு சிறு முக்காலி கொண்டுவரலாம்.

தாராசுரத்துக்குப் போகிறவர்கள் முன்னாலோ பின்னாலோ தஞ்சைக் கலைக்கூடத்துக்கும் போக வேண்டும். இரண்டாம் இராஜராஜன் கட்டிய கோயிலின் சிறந்த சிற்பங்கள் சில அங்கேதான் இருக்கின்றன. யானையை உரித்து ஆடுகிற கஜசம்ஹாரமூர்த்தி, இருடிபத்தினிகள் சூழ்ந்த கங்காளமூர்த்தி. அதிகாரியாக இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் முன்நின்று 1951-இல் உருவாக்கிய கலைக்கூடம் அது. அங்கே பார்த்துவிட்டுத் தாராசுரம் வந்தால், அந்த உருவங்கள் நின்ற இடத்தை மனசில் நிரப்பிக்கொள்ளலாம். தாராசுரத்திலேயே நாயன்மார் கதைகள் அடிச்சுவரில் சிறு சிறு சதுரங்களாக ஓடுகின்றன. முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவருகிறதைக் கண்டுபிடியுங்கள். பெரியபுராணம் தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் பேசும், தெரியாதவருக்கு அது வரிசையாக ஏதோ உருவம்.

தெரிந்த கண் எதற்கு என்று யாராவது கேட்டால், இங்கிருந்து கும்பகோணம் போகிற வழியில் சாக்கோட்டைப் பக்கம் சிவபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதன் கதையைச் சொல்லுங்கள். 1951-இல் அங்கே பூமிக்கடியிலிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத்திருமேனிகள் கிடைத்தன. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் வார்க்கப்பட்டு, நகல் கோயிலுக்குத் திரும்பி வந்தது. அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா வரை போனது. இங்கே பூஜை நடந்துகொண்டேயிருந்தது, ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். சோழர் செப்புத்திருமேனிகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து டக்ளஸ் பாரெட் என்பவர் 1965-இல் தம் நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதினார். அதற்குப் பிறகும் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அசலைப் பெரும் விலைக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. இதேபோல் கடத்தப்பட்ட நம் மாவட்டத்துப் பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1991-இல் திரும்பினார். சிவபெருமானே உரிமை கோருபவராக நின்று நடந்த வழக்கு அது.

சிவபுரத்தார் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. அந்தத் திருமேனியின் விரலையும் சடையையும் திருவாசியையும் அறிந்து பார்க்கிற கண் அன்றைக்கு அந்த ஊரில் இருந்திருந்தால், அசல் கடல் கடக்கும் முன்பே யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கண்ணை ஊர் ஊராக உண்டாக்குவதற்குத்தான் இந்தப் பயணம். நாளைக்குப் பார்க்கிற ஐந்து கோயில்களிலும் ஒரு தூணோ ஒரு கோஷ்டமூர்த்தியோ ஒரு கல்வெட்டு வரியோ ஏதாவது ஒன்றை நன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு அது அங்கே அப்படியே இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. உற்சவத் திருமேனிகளைப் படமெடுக்க வேண்டாம், குருக்கள் வேண்டாமென்றால் கல்லையும் எடுக்க வேண்டாம். நோட்டும் பென்சிலும் எவரும் தடுக்காதவை.

நாளைய ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வண்டி காலை நாலரைக்குக் கடைத்தெருவில் நிற்கும். பாபநாசம் வழியாகத் திருக்கருகாவூர். குளித்துவிட்டு வாருங்கள், காபி வழியில் கிடைக்கும். அவளிவணல்லூரில் சாட்சிநாதர் சந்நிதியில் பதிகம் பாடத் தெரிந்தவர்கள் முன்னால் நில்லுங்கள், தெரியாதவர்கள் தாளைப் பார்த்துக் கூடச் சொல்லுங்கள். ஹரித்துவாரமங்கலத்தில் உச்சிக்காலம் முடிந்ததும் சாப்பாடு. நாலு மணிவரை எவரும் அடுத்த கோயிலைப் பற்றிப் பேச வேண்டாம். ஆலங்குடிச் சாயரட்சைக்குப் பிறகு திருக்கொள்ளம்பூதூர் போய் அர்த்தசாமம் பார்த்துத் திரும்ப இரவு பத்தாகும். பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் போர்வை எடுத்து வாருங்கள். ஐந்து ஊர்க் குருக்களுக்கும் மாலையே பேசிவிட்டோம். எண்ணெய்ப் போத்தல்களை இன்றிரவே வண்டிக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள், காலையில் மறந்துபோகும்.